நாற்பது கட்டில், ஒரே ‘சரி’

கிட்ட வாங்க கண்ணுங்களா. அந்த மூலையில கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறவங்களும் கொஞ்சம் நகர்ந்து வாங்க. இது கத்திச் சொல்ற கதை இல்லை. இதில் கொலை கிடையாது, கொள்ளை கிடையாது, பயந்துபோய்ப் போர்வைக்குள்ள ஒளியவும் வேண்டாம். ஒரே ஒரு சொல்லைத்தான் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம். இரண்டே எழுத்து. நீங்களே இன்று காலையிலிருந்து எப்படியும் இருபது தடவை சொல்லியிருப்பீர்கள். கேளுங்கள், கதை சொல்கிறேன்.

பகல் பதினொன்றரை மணி. இரும்புப் பட்டறையின் ஆபீஸ் அறை. மேசைமேல் எழுபத்தெட்டுத் தாள்கள். ஒவ்வொரு தாளிலும் பத்து வரி. பத்து வரிக்கும் எதிரே ஒரே கையெழுத்தில் ஒரே சொல்.

சரி. சரி. சரி. சரி.

தாள்களுக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அண்ணி. செய்த பொருள் ஏன் சொன்னபடி உழைக்கவில்லை என்று துப்பறிந்து சொல்வது அவள் தொழில். அவளோடு வந்தவள் அவள் கணவரின் தங்கை. பதினாறு வருஷம் பஸ் கண்டக்டராக நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோய், அண்ணிக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவள். கையிலிருந்த விசில் போனது. ‘விசில்’ என்ற பேர் போகவில்லை. இவள் தொண்டை கிழிய “அண்ணி! அண்ணி!” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போகிற இடத்தில் எல்லாருக்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு இந்தப் பட்டறை கட்டில் செய்கிறது. குழந்தை உருண்டு விழாமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. தடுப்பைப் பிடித்து நிறுத்த ஒரு தாழ்ப்பாள். நாற்பது நாற்பதாக மூன்று தடவை அனுப்பியாகிவிட்டது. மூன்று தடவையும் நாலைந்து தாழ்ப்பாள் நழுவியது. மூன்றாம் தடவை ஒரு குழந்தையே சரிந்து விழப் பார்த்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் தாவிப் பிடித்ததால் தப்பித்தது. நான்காவது நாற்பதை ஏற்ற இன்று நாலு மணிக்கு லாரி வருகிறது.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். “நாலு மணிக்குள்ள ஆளைக் காட்டுங்க. காட்டலைன்னா செக்கிங் பண்றவளையே போலீஸ்ல ஒப்படைக்கிறேன். கையெழுத்து அவளோடதுதானே?” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆக, ஒரு பெண்ணுக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. அண்ணிக்கு மண்டை காய்ந்தது.

“மூணு மாசமா நழுவுது. ஏன் நழுவுதுன்னு ஒருத்தர் கேட்கலை. யாரு, யாரு, யாருன்னே கேட்கிறாங்க” என்று பல்லைக் கடித்தாள்.

“அண்ணி, இந்த ஆறாவது வரியைப் பாருங்க” என்றாள் விசில். “‘வேலை நேரத்தில் அரட்டை கூடாது.’ எதிர்ல ‘சரி’. எழுபத்தெட்டு நாளும் ஒரு கட்டில்கூட அரட்டை அடிக்கலையாம்!”

“சிரிக்கிற நேரமாடி இது?”

“அழுறதுக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கே.”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் முதலாளியின் மாப்பிள்ளை. பட்டறைக்கு அவன்தான் மேலாளர். சட்டை இஸ்திரி கலையாத ஆள்.

“இந்தத் தாளை யார் தயார் பண்ணினது?” என்று கேட்டாள் அண்ணி.

“நான்தான்.” நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. “ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நான் வர்றதுக்கு முன்னாடி இங்க தரம்னா என்னன்னே யாருக்கும் தெரியாது. வாயால சொல்லுவாங்க, காதால கேட்பாங்க. இப்போ எல்லாத்துக்கும் தாள், நம்பர், கையெழுத்து. இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?”

“தாழ்ப்பாள் நழுவாம பண்ணியிருக்கலாம்” என்றாள் விசில்.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாள் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி மேசைமேல் போட்டான். “நீங்க தேட வேண்டியதே இல்லை. தேதியைப் பாருங்க. அன்னிக்கு முழுக்கக் கரண்ட் இல்லை. ஒரு கட்டில்கூடச் செய்யலை. ஆனா பத்து வரிக்கும் ‘சரி’. செய்யாத கட்டிலுக்கு எப்படி வந்தது ‘சரி’? பார்க்காமலே எழுதுறா. இது போதாதா?”

போதும் போலத்தான் இருந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்ற வந்து, அவளுக்கு எதிரான சாட்சியைத் தானே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று அண்ணிக்கு எரிச்சல்.

“கூப்பிடுங்க அவங்களை” என்றாள்.

வந்தவளுக்குப் பட்டறையில் சரியக்கா என்று பேர். எது சொன்னாலும் ‘சரி’ என்பாள், அவ்வளவுதான் பேச்சு. நாற்பது வயசிருக்கும். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“உட்காரும்மா.”

“சரிங்க.” நின்றுகொண்டே இருந்தாள்.

“இதெல்லாம் உன் கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“தாழ்ப்பாள் நழுவுதே, தெரியுமா?”

தலை குனிந்தது. “தெரியுங்க. என் கண்ணுக்குத் தப்பிடுச்சு.”

“எப்படித் தப்பிச்சது?”

அவள் நகக்கண்ணிலிருந்த தூளைச் சுரண்டினாள்.

“இன்னிக்குப் போலீசைக் கூப்பிடப் போறாங்க. அதுவாவது புரியுதா?”

“சரிங்க” என்றாள் அவள். அப்புறம் ரொம்ப மெதுவாக, “என் பொண்ணு அடுத்த தெரு ஸ்கூல்லதான் படிக்கிறா. அவ வீட்டுக்குப் போனப்புறம் வரச் சொல்ல முடியுங்களா?” என்றாள்.

அண்ணி எழுந்து வெளியே வந்துவிட்டாள். வெளியே வந்ததும் கதவுக்கு ஒரு உதை.

“பாவம், கதவு என்ன பண்ணுச்சு?” என்றாள் பின்னால் வந்த விசில்.

“ஒண்ணு, பொய்யாவது சொல்லணும். இல்லாட்டி உண்மையாவது சொல்லணும். சரி, சரி, சரின்னா நான் எதைப் பிடிச்சு ஏறுறது?”

பட்டறைக்குள் நடந்தார்கள். ஒரு ஓரத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. அடுத்து, பெயிண்ட் அடிக்காத கட்டில்கள் வரிசையாக நின்றன, அடுத்த தொகுதிக்கானவை. அதைத் தாண்டி, நெடி வெளியே வராமல் எப்போதும் கதவு சாத்திய பெயிண்ட் அறை. வாசல் பக்கம் இன்றைக்குப் போக வேண்டிய நாற்பதும் வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் நின்றன.

முழங்கால் வலிக்கிறது என்று பெயிண்ட் அடிக்காத கட்டில் ஒன்றில் சாய்ந்த விசில், இரண்டு நிமிஷம் கழித்து நிமிர்ந்து நடந்தாள். அண்ணி பின்னாலிருந்து, “நில்லு, அசையாதே” என்றாள்.

“என்ன, பல்லியா?”

“உன் முதுகுல பெருக்கல் குறி.”

விசில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அடக் கடவுளே! ஸ்கூல் விட்டு முப்பது வருஷம் ஆச்சு. இன்னுமா எனக்குத் தப்புப் போடுறாங்க?”

அண்ணி சிரிக்கவில்லை. அந்தக் கட்டிலிடம் போய்க் குனிந்தாள். தடுப்புக் கம்பியின் மேல் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறி, பாதி அழிந்திருந்தது. பாதிதான் விசிலின் முதுகில் இருந்ததே! அடுத்த கட்டிலில் குறி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தள்ளி ஒன்றில் இருந்தது. அண்ணி அதன் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது இழுப்பில் தடுப்பு தடாலென்று இறங்கி அவள் விரல் நுனியைக் கடித்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே பெயிண்ட் அறைக் கதவைத் தட்டினாள்.

பெயிண்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். “சாக்பீஸ் குறியா? அட, அதை ஏம்மா கேட்கறீங்க! எந்தப் புண்ணியவான் கிறுக்குறானோ தெரியலை. அதுமேல அடிச்சா பெயிண்ட் உரிஞ்சுடும். ஈரத்துணி போட்டு ஒரு பொட்டு இல்லாம துடைச்சுட்டுத்தான் அடிக்கிறேன். நம்ம வேலை அவ்வளவு சுத்தம்!”

“மூணு மாசமாவா?”

“முதல் நாள்லேருந்து!”

பெருமையாகச் சொன்னார் பாவம். அண்ணிக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை. திரும்பி நடந்தாள்.

“அண்ணி, குறி போட்டது சரியக்காதான். நகத்துல தூள் பார்த்தீங்கல்ல?” என்றாள் விசில்.

“பார்த்தேன். அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு. கட்டில்மேல தப்புன்னு போடுறவ, தாள்ல ஏன் சரின்னு எழுதுறா? ஒரே கை, ஒரே நாள். ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும்.”

வாசலில், இரும்பு இறக்கிவிட்டு ஒரு மினி லாரி பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், விசில் அதன் பக்கவாட்டைத் தட்டி, “ரைட், ரைட், போலாம் ரைட்!” என்று குரல் கொடுத்தாள். லாரி இடப்பக்கம் திரும்பிப் போனது.

“அவன் லெஃப்ட்ல போறான், நீ ரைட்டுங்கிற.”

“ஐயோ அண்ணி, பதினாறு வருஷமா நான் ‘ரைட்’னு சொன்னது வலதுபக்கம்னா? இல்ல, பஸ்ல எல்லாம் ஒழுங்கா இருக்குன்னா? கதவே இல்லாத பஸ்ஸுக்கும் ரைட்டுதான். நம்ம உத்தியோகத்துல ‘ரைட்’னா ‘கேட்டுக்கிட்டேன், நகரு’ன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

அண்ணி நின்றாள். நின்றவள் அப்படியே நின்றாள். விசில் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தபோது, அண்ணி தன் நெற்றியில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒன்பதாவது வரி என்னடி?”

விசில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தாள். “‘குறை இருந்தால் மேலாளரிடம் உடனே சொல்ல வேண்டும்.’ எதிர்ல ‘சரி’.”

“கட்டிலைப் பார்த்துட்டு எழுதின பதிலா அது?”

விசில் தாளை மறுபடி பார்த்தாள். “அண்ணி... இது பதிலே இல்ல. இது ‘ரைட்’!”

“கூப்பிடு எல்லாரையும்.”

மணி இரண்டரை. முதலாளி, மாப்பிள்ளை, பெயிண்டர், சரியக்கா என்று நாலு பேரும் வெள்ளைக் கட்டில்களுக்கு நடுவே வந்து நின்றார்கள். அண்ணி சரியக்காவின் கையில் தாளைக் கொடுத்தாள். இந்தத் தடவை கேள்வியைக் குழந்தைக்குக் கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்.

“முதல் வரி: ‘தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்க வேண்டும்.’ இதுக்கு ‘சரி’ன்னு எழுதினியே, என்ன நினைச்சு எழுதின?”

சரியக்கா மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். “சார் சொல்லியிருக்காரு. இருக்கணும்னு சொல்றாரு. கேட்டுக்கிட்டேன்னு எழுதினேன். பெரியவங்க சொல்றதுக்குப் பதில் சொல்லாம போனா மரியாதை இல்லைங்களே.”

“கரண்ட் இல்லாத அன்னிக்கு?”

“அன்னிக்கும் தாள் வந்துச்சுங்க. படிச்சேன். சரின்னு எழுதினேன்.”

“அப்போ கட்டிலை எப்போதான் பார்த்த?”

அவள் நிமிர்ந்தாள். முதல்முறையாகக் குரலில் கொஞ்சம் வேகம். “தினமும் பார்க்கிறேங்க! ஒவ்வொண்ணையும் இழுத்துத்தான் பார்ப்பேன். நழுவினா தப்புக் குறி போட்டுடுவேன். முன்னாடி நான் இருந்தது மரப்பெட்டி செய்யற இடம். அங்க சாக்பீஸ் விழுந்த பெட்டியை அடுத்த ஆள் தொடவே மாட்டான்; செஞ்சவன்கிட்டயே திரும்பிப் போயிடும்.”

பெயிண்டரின் முகம், பெயிண்ட் அடித்ததைவிட வெளுத்துப்போனது. “நான் அழுக்குன்னு நினைச்சேனே!”

“குறி போட்டதெல்லாம் திரும்பிப் போயிடுச்சுன்னு நான் நினைச்சேன்” என்றாள் சரியக்கா. “அப்புறமும் நழுவுதுன்னாங்க. அப்போ நான் ஒழுங்காப் பார்க்கலை, என் கண்ணுக்குத் தப்பினதுதான்னு... அஞ்சு தடவை இழுத்துக்கிட்டிருந்தவ பத்து தடவையா இழுக்க ஆரம்பிச்சேன்.”

மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்தான். “கதை! நல்லா ஜோடிச்ச கதை! என்ன ஆதாரம்?”

அண்ணி ஒரு துண்டுச் சீட்டை சரியக்காவிடம் நீட்டினாள். “இந்த நாற்பதுல எத்தனைக்குக் குறி போட்ட? ஞாபகம் இருந்தா எழுது. யார்கிட்டயும் காட்டாதே.” எழுதினாள். சீட்டு நாலாக மடிந்து, டிக்கெட் மாதிரி விசிலின் விரல் இடுக்கில் செருகிக்கொண்டது.

“முதலாளி, சட்டைக் கையை மடிச்சு விடுங்க. நீங்களே இழுங்க.”

கண்ணுங்களா, அந்த மனுஷன் தன் பட்டறைக் கட்டிலைத் தொட்டு எத்தனை வருஷம் ஆனதோ! கட்டிலுக்கு ஐந்து இழுப்பு என்று ஆரம்பித்தார். விசில் பக்கத்திலேயே, “அடுத்தது, அடுத்தது, உள்ளே தள்ளிப் போங்க” என்று எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்றாவது கட்டில் நழுவியது. பதினொன்றாவது நழுவியது. முதலாளியின் முகத்தில் வியர்வையோடு அசடும் வழிந்தது. முப்பத்தொன்பது முடிந்தபோது நழுவியது ஆறு. நாற்பதாவதை ஐந்து தடவை இழுத்தார். கல் மாதிரி நின்றது.

“ஆறு” என்றார் முதலாளி. “சீட்டைப் பிரிங்க.”

விசில் பிரித்தாள். ஏழு.

மாப்பிள்ளை சிரித்தான். அண்ணி சீட்டை வாங்கி மறுபடி பார்த்தாள். ஒரு எண்ணுக்காக ஒரு பெண்ணின் மானம் போகிறதே!

“பத்து” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சரியக்கா. “அஞ்சு போதாதுங்க. நான் பத்து இழுப்பேன்.”

முதலாளி அதே கட்டிலை மறுபடி பிடித்தார். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதாவது இழுப்பில் தடுப்பு தடாலென்று இறங்கியது.

குழந்தை தூங்கும் கட்டில் அது. ராத்திரி ஒரு தடவை, பகல் ஒரு தடவை என்று ஏற்றி இறக்கினால், ஐந்தாம் நாள் அது விழுந்திருக்கும்.

“மிச்சத்தையும் பத்து இழுத்துப் பார்க்கணுமே” என்று பெருமூச்சு விட்டார் முதலாளி.

“மாப்பிள்ளை இருக்காரே. சட்டை இன்னும் கசங்கலை” என்றாள் விசில்.

மீதி முப்பத்து மூன்றையும் அவன்தான் இழுத்தான். ஒன்றுகூட நழுவவில்லை. ஏழு என்றால் ஏழுதான். கடைசிக் கட்டிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றவனுக்குச் சட்டை நனைந்திருந்தது, பேச்சும் நின்றிருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று அண்ணிக்குத் தோன்றவில்லை. கோபம்தான் பொங்கியது. “ஒருத்தி கண்டுபிடிக்கிறா, ஒருத்தர் துடைக்கிறாரு, ஒருத்தர் ஃபைல் போடுறாரு. மூணு பேருமே அவங்கவங்க வேலையைச் சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க. அந்தச் சுத்தத்துலதான் ஒரு குழந்தை விழப் பார்த்துச்சு. மூணு மாசத்துல யாராவது ஒருத்தர் இந்த அம்மாவைப் பார்த்து ‘எதுக்கும்மா சரி?’ன்னு கேட்டிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேண்டாம்.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். “நான் கேள்வியா எழுதியிருக்கணும்” என்றான். “உத்தரவா எழுதிட்டேன்.”

அந்த இடத்திலேயே, ஒரு கட்டிலின் மேல் பலகை வைத்துப் புதுத் தாள் எழுதினான். அண்ணி சொல்லச் சொல்ல, நாலே நாலு கேள்வி. எத்தனை தடவை இழுத்தீர்கள்? நழுவியதா, நின்றதா? நழுவியதை எங்கே தனியாக வைத்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்? எதற்கும் ‘சரி’ என்று எழுத முடியாது. எழுதினால் பொருளே வராது. குறிக்குச் சாக்பீஸுக்குப் பதிலாக, முறுக்கிக் கட்டச் சிவப்புக் கம்பி. பெயிண்டர் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

முதலாளி தாளை வாங்கிச் சரியக்காவிடம் தானே நீட்டினார். “அம்மா, இனிமே இதுல எழுதுங்க.” மூன்று மாதத்தில் முதல் ‘அம்மா’, முதல் ‘ங்க’.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். விசில் காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டாள்.

“சரியில்லைங்க” என்றாள் சரியக்கா.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

“நாலும் நல்ல கேள்விதாங்க. ஆனா எந்தப் பக்கம் நழுவுச்சுன்னு ஒண்ணு கேட்கணும். ஏழும் இடப்பக்கத் தாழ்ப்பாள்தான். முன்னாடி குறி போட்டதும் இடப்பக்கம்தான். வெல்டர் அண்ணன் அந்தப் பக்கம் எட்டிப் பிடிச்சுப் பத்த வைக்கிறாரு. அங்க கட்டில் சட்டத்தைத் திருப்பிப் போட இடமே இல்லை. அவர்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லவே இல்லைங்க.”

அண்ணி, அன்றைக்கு முதல்முறையாக, நிம்மதியாக நாற்காலி தேடி உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு லாரி வந்தது. முப்பத்து மூன்று கட்டில் ஏறியது. ஏழு கட்டில் சிவப்புக் கம்பியோடு வெல்டரிடம் போனது. “ஏழு குறையுது, பின்னாலதான் வரும், ஏற்கெனவே வந்ததையும் பத்துப் பத்து தடவை இழுத்துப் பார்க்க ஆள் அனுப்பறேன்” என்று முதலாளியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, காது சிவக்கக் கேட்டுக்கொண்டார். போலீசுக்குப் போன் போகவில்லை. பள்ளி மணி அடித்தபோது சரியக்கா வாசலில் நின்று, மகள் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அண்ணி, “முதலாளி, வெல்டருக்கு இடம் ஒதுக்கிக் கொடுங்க. மறந்துடாதீங்க” என்றாள்.

“சரி” என்றார் முதலாளி.

விசில் திரும்பி நின்றாள். “எந்தச் சரி?”

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். “செஞ்சு பார்த்துட்டுச் சொல்றேன்.”

“ரைட்!” என்றாள் விசில். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணிக்கு முன்னால் நடந்தாள்.

கதை முடிந்தது, என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கட்டிலில் தூங்கும் குழந்தை நல்லபடியாகத் தூங்கட்டும். தாழ்ப்பாள் எதுவும் நழுவாமல் இருக்கட்டும். எல்லாம் சரியா என்று கேட்கிறவர்கள், பதில் வரும்வரை நின்று கேட்கட்டும். சரியில்லை என்று சொல்லத் தோன்றும்போது, சொல்லும் தைரியமும் கேட்கும் காதும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.